மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன
துருக்கியின் அய்வலிக் நகரம் தரும் பாடம்

ஊரைவிட்டு வெளிக்கிடும் குடும்பம் எதைக் கையோடு கொண்டு போகலாம்? பிள்ளைகளை, உடுப்புகளை, உறுதிப் பத்திரங்களை, முடியுமானால் ஓர் ஆட்டையோ மாட்டையோ கொண்டு போகலாம். வீட்டைக் கொண்டுபோக முடியாது. கிணற்றையும், பாட்டன் வைத்த மரத்தையும் கொண்டுபோக முடியாது. இதை உங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இந்தப் பாடத்தில் துருக்கி நாட்டிலுள்ள அய்வலிக் என்னும் சிறு நகரத்தைப் பற்றிப் படிப்போம். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்நகரத்தின் மக்கள் முற்றாக மாறினார்கள். அங்கு வாழ்ந்தவர்கள் போனார்கள். வேறு இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் அங்கே குடியேற்றப்பட்டார்கள். ஆனால் ஊரின் தொழில் மாறவில்லை. அன்றும் ஒலிவ எண்ணெய், இன்றும் ஒலிவ எண்ணெய். இது எப்படி நடந்தது? இதில் எது நன்மை, எது அநீதி? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

ஊரும் மரமும்

அய்வலிக், துருக்கியின் மேற்குக் கரையில், ஏஜியன் கடலோரத்தில், பாலிகேசிர் மாகாணத்தில் இருக்கிறது. இஸ்மிர் என்னும் பெருநகரத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 150 கிலோமீற்றர் தூரம். இன்று இங்கு வாழ்வோர் ஏறக்குறைய 75,000 பேர். கரைக்கு முன்னால் இருபதுக்கு மேற்பட்ட சிறு தீவுகள் உள்ளன. அவற்றுள் பெரியது ஜுண்டா. அதற்குத் தரைவழிப் பாதை உண்டு. அதற்கும் அப்பால் கடலில் மலைபோலத் தெரிவது லெஸ்போஸ் தீவு. அது கிரேக்க நாட்டுக்குச் சொந்தமானது. துருக்கியர் அதை மிதில்லி என்பார்கள்.

'அய்வா' என்பது அப்பிளை ஒத்த, வாசனையுள்ள ஒரு பழம். அதிலிருந்தே ஊருக்குப் பெயர் வந்தது. ஆனால் ஊரை வாழவைப்பது அந்தப் பழமன்று, ஒலிவ மரமே. திருநூலில் ஒலிவ மலையைப் பற்றியும், திருப்பூசலுக்குரிய எண்ணெயைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். அந்த மரம்தான் இது. மழைக்காலத்தில் பெய்யும் மழையை வைத்துக்கொண்டு, நீண்ட வரட்சியான கோடையைத் தாங்கி நிற்கும். கல் நிலத்திலும் வளரும். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாழும். ஒருவர் நாட்டும் மரத்தின் முழுப் பயனை அவருடைய பேரப்பிள்ளைகளே காண்பார்கள். ஆகவே ஒலிவத் தோட்டம் வைத்திருப்பவர் எளிதில் ஊரை விட்டுப் போக நினைக்கமாட்டார்.

போனவர்கள்

துருக்கியை ஆண்ட ஒஸ்மானியப் பேரரசின் காலத்தில் அய்வலிக்கில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் கிரேக்க மொழி பேசிய ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள். 1773இல் சுல்தானிடமிருந்து ஊருக்குச் சிறப்பு உரிமைகள் கிடைத்தன. அதன் பின்னர் ஊர் வேகமாக வளர்ந்தது. 1821இல் கிரேக்கர் கிளர்ச்சி செய்தபோது ஊர் எரிக்கப்பட்டது. மக்கள் ஓடினார்கள். சில ஆண்டுகளின் பின் திரும்பி வந்து மீண்டும் கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி இயந்திரங்கள் வந்தன. எண்ணெய் ஆலைகள், சவர்க்காரத் தொழிற்சாலைகள், தோல் பதனிடும் நிலையங்கள் கரையோரமாக எழுந்தன. அவற்றின் உயர்ந்த செங்கல் புகைபோக்கிகளை இன்றும் காணலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பகுதி முழுவதும் போர்கள் மூண்டன. 1912-13இல் நடந்த பால்கன் போர்களில் கிரேக்கம் முதலிய நாடுகளிலிருந்து பெருந்தொகையான முஸ்லிம்கள் துரத்தப்பட்டு துருக்கிக்கு வந்தார்கள். முதலாம் உலகப் போரில், 1917இல், அய்வலிக் கிரேக்கர் பலர் உள்நாட்டுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். 1919இல் கிரேக்கப் படை இந்தக் கரையில் இறங்கியது. 1922 செப்டெம்பரில் துருக்கியப் படை அதை முறியடித்து நகருக்குள் வந்தது.

அப்போது 18 வயதுக்கும் 45 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் பிடிக்கப்பட்டு, கட்டாய வேலைக்காக உள்நாட்டுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். மிகச் சிலரே உயிரோடு திரும்பினார்கள். இலியாஸ் வெனேசிஸ் என்னும் இளைஞர் அவர்களுள் ஒருவர். அவர் பின்னர் கிரேக்கத்தின் பெயர்பெற்ற எழுத்தாளரானார். தாம் பட்டதை எழுதிய நூலுக்குத் தமது கைதி எண்ணாகிய 31328ஐயே பெயராக வைத்தார். பெண்களும் சிறுவரும் முதியோரும் கப்பல்களில் லெஸ்போஸ் தீவுக்குப் போனார்கள். அந்தக் கப்பல்களை வரவழைக்கப் பாடுபட்டவர் அவ்வூர் ஓர்த்தடொக்ஸ் பேராயர் கிரகோரியோஸ். மக்களை அனுப்பிவிட்டுத் தாம் போகாமல் தங்கினார். 1922 ஒக்டோபரில் கொல்லப்பட்டார்.

அது ஒலிவக் காய்கள் முற்றும் காலம். அறுவடைக்கு இன்னும் சில கிழமைகளே இருந்தன.

வந்தவர்கள்

1923 ஜனவரி 30ஆந் திகதி சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் துருக்கியும் கிரேக்கமும் ஓர் உடன்படிக்கை செய்தன. துருக்கியிலுள்ள ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்திலுள்ள முஸ்லிம்கள் துருக்கிக்கும் போகவேண்டும் என்பது அதன் சாரம். இஸ்தான்புல் போன்ற ஒருசில இடங்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஏறக்குறைய 12 இலட்சம் கிறிஸ்தவர்களும் 4 இலட்சம் முஸ்லிம்களும் இதனாற் பாதிக்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களுட் பெரும்பாலோர் உடன்படிக்கைக்கு முன்னரே ஓடிப்போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வரக்கூடாது என்பதே உடன்படிக்கை அவர்களுக்குச் சொன்ன செய்தி.

"நீ போக விரும்புகிறாயா?" என்று எவரிடமும் கேட்கப்படவில்லை. "நீ என்ன மொழி பேசுகிறாய்?" என்றுகூடக் கேட்கப்படவில்லை. மதம் ஒன்றே அளவுகோல். கிறீற் தீவின் முஸ்லிம்கள் பலர் கிரேக்கம் மட்டுமே பேசினார்கள். அவர்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். துருக்கி மொழி மட்டுமே பேசிய கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். இரு கரையிலும் இவர்களைப் புதிய அயலவர்கள் அந்நியராகவே பார்த்தார்கள்.

வெறுமையாய்க் கிடந்த அய்வலிக்குக்கு லெஸ்போஸ், கிறீற், மக்கெதோனியா ஆகிய இடங்களிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் வந்தன. இங்கே ஒரு விடயத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். துருக்கிய அரசு குடியேற்றத் திட்டம் வகுத்தபோது, யார் என்ன செய்கை தெரிந்தவர் என்று பார்த்தது. புகையிலைச் செய்கையாளர் புகையிலை நிலத்துக்கு, திராட்சைச் செய்கையாளர் திராட்சை நிலத்துக்கு, ஒலிவம் தெரிந்தவர் ஒலிவ நிலத்துக்கு என்பதே எண்ணம். லெஸ்போஸ், கிறீற் தீவுகளின் மக்கள் ஒலிவத்தோடு வாழ்ந்தவர்கள். ஆகவே அவர்களுக்கு அய்வலிக், எத்ரெமித் போன்ற கரையோரப் பகுதிகள் குறிக்கப்பட்டன.

இந்த எண்ணம் நாடெங்கும் நிறைவேறவில்லை. அவசரமும் ஒழுங்கீனமும் செல்வாக்கும் குறுக்கே வந்தன. புகையிலை மட்டுமே தெரிந்தவர்கள் பழக்கமில்லாத தோட்டங்களில் விடப்பட்டதும் உண்டு. தெரியாத மரத்தைப் பெற்றவருக்கு அது விறகாகவே தெரியும். தெரிந்தவருக்கோ அதுவே வாழ்வு. அய்வலிக்குக்கு வந்தவர்களில் பலர், மண் புதிது, மொழி புதிது என்றாலும், மரத்தின் முன் நின்றபோது என்ன செய்யவேண்டும் என்று அறிந்திருந்தார்கள்.

சொத்து என்னவாயிற்று? தாம் விட்டுவந்த சொத்தின் பட்டியலைக் கொடுத்தால், அதே தன்மையான, அதே பெறுமதியான சொத்துத் தரப்படும் என்று உடன்படிக்கை கூறியது. நடைமுறையில் பலருக்கு அவ்வாறு கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் இழுபட்ட பின்னர், 1930 யூனில் இரு அரசுகளும் அங்காராவில் இன்னோர் உடன்படிக்கை செய்தன. அகதிகள் விட்டுவந்த சொத்துக்கள் அந்தந்த அரசுக்கே உரியன என்று முடிவாயிற்று. தனி மனிதரின் கோரிக்கை அத்தோடு அடைபட்டது. இரண்டு அரசுகள் கைகுலுக்கின. இழந்தவர் மேசையில் இருக்கவில்லை.

எண்ணெய் எடுக்கும் முறை

இனி அவ்வூர்த் தொழிலைப் பார்ப்போம். எந்த எண்ணெய் வித்துச் செய்கையாளருக்கும் இதில் கற்க வேண்டியவை உண்டு.

முதலாவது, காய்ப்பு. ஒலிவ மரம் ஓர் ஆண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு குறையக் காய்க்கும். துருக்கியக் கமக்காரர் இவற்றை 'உண்டு ஆண்டு', 'இல்லை ஆண்டு' என்பார்கள். 'உண்டு ஆண்டில்' விற்றதை எல்லாம் செலவழிப்பவர் அடுத்த ஆண்டில் கடனாளி ஆவார். ஒழுங்காகக் கிளை வெட்டினால் இந்த ஏற்ற இறக்கம் குறையும்.

இரண்டாவது, பறிப்பு. ஒக்டோபர் மாத அளவில் தொடங்கிக் குளிர்காலத்திலும் நடைபெறும். மரத்தின் கீழ் விரிப்புப் போட்டு, கையாலோ சீப்புப் போன்ற கருவியாலோ காய்களை உருவி எடுப்பார்கள். நீண்ட தடியால் அடித்து விழுத்துவது விரைவான வேலை. ஆனால் அடுத்த ஆண்டு காய்க்கவிருக்கும் இளந்தளிர்கள் அதனால் முறிந்துபோகும். இன்றைய அவசரம் நாளைய விளைச்சலைத் தின்றுவிடும்.

மூன்றாவது, நேரம். பறித்த காயைக் குவித்து வைத்தால் அது சூடேறிப் புளிக்கும். எண்ணெயில் அமிலம் கூடும், மணம் கெடும். ஆகவே அன்றன்றே, அல்லது மறுநாளே ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். அமிலம் 0.8 வீதத்துக்கு மேற்படாமலும், மணமும் சுவையும் குறையில்லாமலும் இருந்தால்தான் அது முதற்தரம். இரண்டு பேர் ஒரே அளவு காயைப் பறிக்கலாம். ஆனால் சுணங்கியவருக்கு விலை குறைவு.

நான்காவது, ஆட்டுதல். முற்காலத்தில் பெரிய கற்கள் சுழன்று காயைக் கொட்டையோடு சேர்த்து அரைக்கும். அந்தக் கூழைப் பின்னிய பைகளில் இட்டு அழுத்துவார்கள். வடியும் நீரில் எண்ணெய் மேலே மிதக்கும். இக்காலத்தில் சுழல் இயந்திரம் எண்ணெயைப் பிரிக்கிறது. 27 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றாமல் எடுத்தால் மணமும் சத்தும் காக்கப்படும். ஒரு லீற்றர் எண்ணெய்க்கு ஏறக்குறைய ஐந்து கிலோ காய் தேவை.

ஐந்தாவது, கழிவு. இங்கே கழிவு என்று ஒன்று இல்லை. பிண்ணாக்கில் மிஞ்சிய எண்ணெயை எடுத்துச் சவர்க்காரம் செய்தார்கள். எஞ்சிய சக்கையை ஆலையின் அடுப்பிலேயே எரித்தார்கள். காயை விற்று நிறுத்தியிருந்தால் ஊர் ஏழையாகவே இருந்திருக்கும். எண்ணெயாக்கி, சவர்க்காரமாக்கி விற்றதால் வேலையும் வருமானமும் ஊருக்குள் தங்கின.

இன்று 'அய்வலிக் ஒலிவ எண்ணெய்' என்னும் பெயர் துருக்கியில் புவிசார் குறியீடாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. அதாவது, வேறு ஊர் எண்ணெயைப் போத்தலில் அடைத்து இந்தப் பெயரில் விற்க முடியாது. பெயரும் ஒரு சொத்து, அதையும் காக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

1939இல் துருக்கி ஒலிவச் செய்கைக்கென ஒரு சட்டம் இயற்றியது. காட்டில் தானாக முளைக்கும் ஒலிவத்தின் காய் சிறியது, எண்ணெய் குறைவு. ஆனால் அதன் வேர் உரமானது. அதில் நல்ல இனத்தை ஒட்டுக்கட்டினால் புதிய கன்று நாட்டுவதைவிட விரைவில் பலன் கிடைக்கும். அரச நிலத்திலுள்ள காட்டு மரங்களை ஒட்டுக்கட்டிப் பராமரிப்பவருக்கு அந்த நிலத்தை வழங்க இச்சட்டம் வழிசெய்தது. நிலமற்றவரின் உழைப்பே நிலத்துக்கு விலையாகலாம் என்பது நல்ல சிந்தனை.

கேலி செய்யப்பட்ட உணவு

கிறீற் தீவிலிருந்து வந்தவர்கள் வயல் வரப்பிலும் மலைச் சரிவிலும் முளைக்கும் கீரைகளைப் பறித்துச் சமைத்தார்கள். உப்பு நிலத்தில் வளரும், நமது உமரியைப் போன்ற பூண்டை அவித்து, உள்ளியும் எலுமிச்சம் புளியும் ஒலிவ எண்ணெயும் சேர்த்து உண்டார்கள். ஏனையோருக்கு இது களை. ஆகவே கேலி செய்தார்கள். அங்கே ஒரு பகிடி உண்டு: தோட்டத்துக்குள் ஒரு மாடும் ஒரு கிறீற்காரரும் புகுந்துவிட்டால், முதலில் கிறீற்காரரைத் துரத்து. மாடு வயிறு நிறைந்ததும் தானாகப் போய்விடும்!

இன்று நிலைமை வேறு. ஜுண்டா தீவின் உணவகங்களில் பயணிகள் காசு கொடுத்துக் கேட்பது அதே கீரைகளைத்தான். பப்பலினா என்னும் சிறு மீனின் பொரியல், ஒலிவ எண்ணெயில் சமைத்து ஆறவைத்து உண்ணும் மரக்கறிகள், வெண்கட்டியிற் செய்த இனிப்பு என்பன அவ்வூரின் சிறப்பு உணவுகள். பாணுக்குள் வெண்கட்டி, இறைச்சிச் சொசேச், தக்காளி, ஊறுகாய் வைத்து வாட்டிய 'அய்வலிக் தோஸ்த்' துருக்கி எங்கும் பெயர்பெற்றது. இடம்பெயர்ந்த தாய்மார் வெட்கப்படாமல் காத்த சமையல் பிற்காலத்தில் ஊருக்கு வருமானமாயிற்று.

பார்க்கத்தக்கவை

செம்மை கலந்த 'சரிம்சாக்' கல்லாற் கட்டிய பழைய வீடுகள், ஒடுங்கிய ஒழுங்கைகள், கரையோரப் பழைய ஆலைகள் ஆகியவற்றைக் காண ஆண்டுதோறும் மக்கள் வருகிறார்கள். சரிம்சாக்லி கடற்கரை நீந்துவதற்கு உகந்தது. 'சாத்தானின் மேசை' என்று அழைக்கப்படும் குன்றிலிருந்து தீவுகளுக்கிடையே சூரியன் மறைவதைப் பார்க்கலாம். ஒலிவத் தொழிலோடு இணைந்து வளர்ந்த இந்த ஊர் 2017இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது.

தேவாலயங்கள் பள்ளிவாசல்களாயின. புனித யோவான் ஆலயம் இன்று மணிக்கூட்டுப் பள்ளிவாசல் என்று அழைக்கப்படுகிறது. ஜுண்டாவில் 1873இல் கட்டப்பட்ட அதிதூதர்கள் ஆலயம் 1944 நிலநடுக்கத்தில் சேதமடைந்து நெடுங்காலம் பாழாய்க் கிடந்தது. அது திருத்தப்பட்டு 2014இல் அரும்பொருட்சாலையாகத் திறக்கப்பட்டது.

லெஸ்போசுக்கும் அய்வலிக்குக்கும் இடையே படகுச் சேவை உண்டு. கிரேக்கத்திலிருந்து சிலர் பாட்டனின் வீட்டைத் தேடி வருகிறார்கள். துருக்கியிலிருந்தும் சிலர் அவ்வாறே அங்கே போகிறார்கள். அய்வலிக்கில் பிறந்து, 1922இல் வெளியேறிய போத்திஸ் கொந்தொக்லு கிரேக்கத்தில் திருவுருவ ஓவியக் கலையைப் புதுப்பித்த பெரும் ஓவியர். கிறீற் குடும்பமொன்றில் 1932இல் அய்வலிக்கில் பிறந்த அஹ்மெத் யொருல்மாஸ், கிறீற் முஸ்லிம்களின் கதையைத் துருக்கி மொழியில் நாவலாக எழுதினார். கிரேக்க நூல்களையும் மொழிபெயர்த்தார். ஒருவர் இழந்த ஊரே மற்றவரின் பிறந்த ஊர். இருவரும் பொய் சொல்லவில்லை.

ஊர் அழகாக இருப்பதால் புதிய தொல்லைகளும் உண்டு. பழைய வீடுகள் விடுதிகளாகின்றன, விலை ஏறுகிறது. ஒலிவத் தோட்டங்களை விடுமுறை வீடுகள் நெருக்குகின்றன. எவரும் துரத்தாமலே மரம் தெரிந்த குடும்பம் காசுக்காக வெளியேறும் ஆபத்து இருக்கிறது.

நாம் படித்தது என்ன?

அய்வலிக் கதையை, "எல்லாம் நன்மையாகவே முடிந்தது" என்று எவரும் சொல்லக்கூடாது. கேட்காமல் பெயர்த்தது அநீதி. திரும்பும் உரிமையை மறுத்தது அநீதி. நூறு ஆண்டு எண்ணெய் வியாபாரம் அந்த அநீதியை நீதியாக்காது.

ஆனாலும் ஒன்று உண்மை. வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. எப்போது கிளை வெட்டுவது, எப்படி ஒட்டுக்கட்டுவது, எந்தக் கீரை உண்ணத்தக்கது என்ற அறிவு அவர்களோடு வந்தது. எந்தச் சோதனைச் சாவடியிலும் அதை எவரும் பறிக்க முடியவில்லை. அந்த அறிவுக்கு ஏற்ற நிலம் கிடைத்த இடத்தில் அவர்கள் மீண்டும் எழுந்தார்கள். கிடைக்காத இடத்தில் மரமும் போனது, மனிதரும் நலிந்தார்கள். ஆகவே குடியேற்றம் பற்றி எவரும் பேச வந்தால், "எத்தனை குடும்பம்?" என்று எண்ணுவதோடு நில்லாமல், "இவர்களுக்கு என்ன செய்கை தெரியும்?" என்றும் கேட்கவேண்டும். அவர்கள் கேட்காவிட்டால் நாமே எடுத்துச் சொல்லவேண்டும்.

பிள்ளைகள் கூடாரத்தில் வளரும் காலத்தில் இந்த அறிவு இரண்டு விதமாக அழியும். ஒன்று, செய்து பார்க்க நிலமில்லாமை. மற்றது, சொல்லிக் கொடுக்க மனமில்லாமை. முதலாவதை நாம் உடனே மாற்ற முடியாமல் இருக்கலாம். இரண்டாவது நமது கையில் இருக்கிறது.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த செய்கை, கைத்தொழில், மருந்து, சமையல் ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். அவற்றுள் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை எவை?

2. விட்டுவந்த காணி, மரம், கிணறு ஆகியவற்றின் விபரத்தை எழுதி, உறுதிகளின் பிரதிகளோடு இரண்டு இடங்களிலாவது வைத்திருக்கிறீர்களா?

3. இப்போது தங்கியிருக்கும் இடத்தின் மண்ணும் நீரும் எந்தச் செய்கைக்கு உகந்தவை? அதை அறிந்த உள்ளூர்ப் பெரியவர் எவரிடமாவது கேட்டீர்களா?

4. நீங்கள் மூலப்பொருளாக விற்கும் எதையாவது எண்ணெயாக, மாவாக, வற்றலாக, சவர்க்காரமாக மாற்றிக் கூட்டாக விற்க முடியுமா?

5. உங்கள் வீட்டில் இன்று வேறொரு குடும்பம் இருக்கக்கூடும். வேறொருவர் விட்டுச்சென்ற இடத்தில் நீங்கள் இருக்கக்கூடும். அந்தக் குடும்பத்தை ஒருநாள் நேரிற் சந்தித்தால் என்ன பேசுவீர்கள்?